சொல்லித்தரக் கூடாது

ஆஸ்பத்திரியின் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கும் சிஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனை அறைக்குள் வருகிற எந்த அம்மாவையும் முதலில் உட்கார வைப்பாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சிரித்த முகம் மாறாமல், ஒரே ஒரு கண்டிஷன் போடுவாள்.

"அம்மா, நீங்க சொல்லித்தரக் கூடாது. குழந்தை தானா செய்யட்டும்."

சொன்னால் கேட்டுவிடுவார்களா என்ன? ஒருத்தி தொண்டையைச் செருமுவாள். ஒருத்தி கண்ணால் ஜாடை காட்டுவாள். இன்னொருத்தி நாற்காலிக்கு அடியில் காலை நீட்டிக் குழந்தையின் முட்டியைத் தட்டுவாள். எதுவும் பலிக்காவிட்டால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வசனம் இருக்கிறது, வீட்டில் நன்றாகத்தான் செய்வான், இங்கே வந்தால்தான் இப்படி. சிஸ்டர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கோபித்துக்கொள்ள மாட்டாள். குழந்தைக்கு எது வரவில்லை என்று தெரிந்தால்தானே அந்த இடத்திலிருந்து தொடங்க முடியும், மறைத்தால் நஷ்டம் உங்களுக்கா எங்களுக்கா, குழந்தைக்குத்தானே என்று பொறுமையாக எடுத்துச் சொல்வாள்.

வேலையில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது. ட்யூப்லைட் உறுமுகிற சத்தம் சில குழந்தைகளுக்கு ஆகாது என்று அவர்கள் வருவதற்கு முன்பே அதை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பாள். வேலைக்கு வரும்போது சென்ட் போட மாட்டாள். எடை பார்க்கும் மெஷினில் ஏற மறுக்கிற குழந்தைக்கு முன்னால் பொம்மையை ஏற்றி, பொம்மை எத்தனை கிலோ என்று பார்த்துச் சொல்வாள். எந்தக் குழந்தையின் தாடையையும் பிடித்து "என்னைப் பார்" என்று திருப்ப மாட்டாள். திருப்புகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவர்களிடம் முதல் கேள்வியாக "என்ன பிரச்சினை" என்றும் கேட்க மாட்டாள். "குழந்தைக்கு என்ன பிடிக்கும்?" என்றுதான் கேட்பாள். அதைக் கேட்டதும் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிடும். அதுவரை யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியில் டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்வார். ஆட்டிசம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்த நேரத்துக்குத்தான் சிஸ்டர். தண்ணீர் டம்ளரோடு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்காருவாள். "இது நோய் இல்லம்மா. உங்க குழந்தை உலகத்தை வேற மாதிரி பார்க்குது. அது பார்க்கிற பக்கத்துக்கு நாமதான் போகணும்." எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ தெரியாது, ஒரு தடவைகூட ஒப்புக்குச் சொன்னதில்லை. முழுசாக நம்பித்தான் சொன்னாள். அடுத்தவர் வீட்டுக் குழந்தைகள் விஷயத்தில் நம்பினாள் என்று திருத்திச் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அவளுக்கும் ஒரு மகள் இருந்தாள்.

இரண்டரை வயது. வீட்டில் அவளுக்கு மகாராணி என்று பெயர். அப்பா வைத்த பட்டம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்பதால் வந்தது. "மகாராணியை நேரா கூப்பிட்டா நடக்காது, மனு போடணும்" என்பான் அவன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரிப்பான். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கையில் எப்போதும் கிரீஸ் வாசனை, வாயில் எப்போதும் ஒரு கிண்டல். மகளும் அவன் தொழிலுக்குத் தோதாகத்தான் பிறந்திருந்தாள். வீட்டு வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றுக்கு வந்து வேகமெடுக்கும்போது எங்கிருந்தாலும் ஓடி வந்து அதன் மேல் கன்னத்தை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பாள். கண் பாதி மூடியிருக்கும். அது நிற்கும்வரை நகர மாட்டாள். "பேரிங் சரியா இருக்கான்னு பார்க்குது, தொழில் வாரிசு" என்று அவன் பெருமைப்பட்டுக்கொள்வான்.

சிஸ்டரும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மகளின் பெயரை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பாள்.

மகாராணிக்குத் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்க மாட்டாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயின் மேல் வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். கை மட்டும் போதும் அவளுக்கு. பேச்சே வராது என்றும் சொல்ல முடியாது. அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டில் ஒரு பெண் குரல் வருமே, "கதவு மூடுகிறது" என்று, அதை அச்சு அசலாக அதே குரலில் சொல்வாள். எங்கேயாவது இருப்புக்கொள்ளாமல் போனால், வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், "கதவு மூடுகிறது" என்பாள். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். வேறொரு குழந்தை இப்படிச் செய்திருந்தால் சிஸ்டர் ஒவ்வொன்றையும் கவனித்து டாக்டரிடம் அழகாக எடுத்துச் சொல்லியிருப்பாள். சொந்தக் குழந்தை விஷயத்தில் மட்டும் அவளுக்கு வாய் எழவில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

தள்ள முடியாமல் செய்தது பகல்நேரக் காப்பகத்து டீச்சர். ஒருநாள் குழந்தையை அழைத்துவரப் போன அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாளாம், ஒரு தடவை காட்டிவிடுங்களேன், அம்மா அந்தப் பிரிவில்தானே இருக்கிறார்கள் என்று. அவன் அதை வீட்டுக்கு வந்து கிண்டலாகத்தான் சொன்னான். மகாராணியைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது என்று ஆரம்பித்தான். அப்புறம் சட்டென்று கிண்டலை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீ பார்த்துட்டுதானே இருக்கே. ஏதாவது இருந்தா உனக்குத் தெரியாதா?"

"ஒண்ணும் இல்லைங்க. சில குழந்தைங்க லேட்டா பேசும்."

தன் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தான். அவள்தான் தட்டைத் துழாவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் எப்படியோ டாக்டர் காதுக்கும் போய்விட்டது. டாக்டரம்மா நல்ல மனுஷி. அவளைக் கூப்பிட்டு, இதில் தயங்க என்ன இருக்கிறது சிஸ்டர், நானே பார்க்கிறேன் என்றார். சின்னக் குழந்தைகளுக்காகக் காலையில் நடக்கிற பயிற்சிக் குழுவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. தேவைப்பட்டால் அதை மகாராணிக்கு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கிற குழந்தைக்குப் போய்விடும். ஒரு வருஷம் கழித்து வந்தால் அந்தக் குழுவின் வயதே தாண்டிவிடும். இதெல்லாம் டாக்டர் சொல்லித்தான் சிஸ்டருக்குத் தெரிய வேண்டுமா? அந்த இடத்துக்காக அழுத அம்மாக்களுக்கு அவளே எத்தனையோ தடவை சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

சரி என்றாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் நின்று சிவப்பு மரக் கட்டைகள் வாங்கினாள்.

சும்மா பார்க்கலாம் என்றுதான் வாங்கினாள். ஆணையிட்டுச் சொல்வாள், சும்மா பார்க்கத்தான். சமையலறைத் தரையில் மகளை உட்கார வைத்து, பிரிவில் டாக்டர் கேட்கிற மாதிரியே கட்டையை அடுக்கச் சொன்னாள். மகாராணி ஒரு கட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். எழுந்து போய் வாஷிங் மெஷின் மேல் அதைத் தட்டினாள். காது கொடுத்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள். அவ்வளவுதான். பொம்மையைக் கொடுத்தால் அதைத் தலைகீழாகப் பிடித்து, கண் இமை மூடித் திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட அட்டையில் நாய் எங்கே என்றால், அட்டையின் ஓரத்தை விரலால் தடவினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு என்ன நடந்தது என்று சொல்லவே வேண்டாம், அதற்குத்தான் மகாராணிப் பட்டமே.

சிஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, நேருக்கு நேர் கண்ணால் பார்ப்பது வேறு. பரிசோதனை அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லோருடைய முகமும் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. அவர்கள் டம்ளரை வாங்கும்போது கை எப்படி நடுங்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மறுபடி கட்டையை எடுத்தாள். இந்தத் தடவை மகளின் கை மேல் தன் கையை வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். "சமத்து" என்று சொல்லிக் கையில் ஒரு பாட்டில் மூடியைக் கொடுத்தாள். மகாராணிக்குப் பாட்டில் மூடி என்றால் உயிர்.

சிஸ்டருக்கு இந்த வித்தையெல்லாம் அத்துப்படி. பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக உடைப்பது, கையைப் பிடித்துச் செய்ய வைத்துப் பிறகு மெல்ல மெல்லக் கையை எடுத்துக்கொள்வது, செய்தவுடன் பிடித்ததைக் கொடுப்பது. எல்லாம் குழந்தைகள் பல் தேய்க்கவும் சட்டை போடவும் கற்றுக்கொள்வதற்காக அவள் கற்ற வித்தைகள். இப்போது அதே வித்தையை வைத்துக்கொண்டு, கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் பிள்ளைக்கு மட்டும் காட்டுகிற வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கட்டை முடிந்ததா, அடுத்து கிண்ணமும் ஸ்பூனும் பொம்மையும். "பொம்மைக்குப் பசிக்குது. பொம்மைக்கு ஊட்டு." அது முடிந்தால் பட அட்டை. அதற்கப்புறம் பின்னால் நின்று பெயரைக் கூப்பிடுவது. திரும்பினால் மூடி. மூடியைத் தன் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வாள், குழந்தையின் பார்வை கண்ணுக்கு வர வேண்டும் என்பதற்காக. தாடையைப் பிடித்துத் திருப்பவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

நடுவில் வாஷிங் மெஷின் ஓடினால் கவனம் சிதறுகிறது என்று அதன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள். துணியெல்லாம் கையால்தான் துவைத்தாள். மகாராணி சில நாள் மெஷின் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அப்புறம் போவதை விட்டுவிட்டாள்.

ஒரு தடவை வரிசை மாறிவிட்டது. கட்டைக்கு முன்னால் அட்டையை எடுத்துவிட்டாள். மகாராணி காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்தினாள். வேறு வீட்டில் இது நடந்திருந்தால் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து விளக்கியிருப்பாள், மாற்றம் இந்தக் குழந்தைக்கு எவ்வளவு பயம் தருகிறது பாருங்கள் என்று. தன் வீட்டில் அட்டையை அவசரமாக ஒளித்து வைத்துவிட்டு மறுபடி கட்டையிலிருந்து ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு வரிசை மாறவே இல்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் அம்மாவும் பொண்ணும் விளையாடுகிற விளையாட்டு. வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பான். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "ஊட்டுடா கண்ணு, அந்த வாயில, அங்க" என்று கையை நீட்டிக் காட்டினான். அவளுக்குச் சுருக்கென்று வந்தது. பழக்க தோஷம், பிரிவில் பேசுகிற குரல் அப்படியே வந்துவிட்டது.

"அப்பா, நீங்க சொல்லித்தரக் கூடாது. குழந்தை தானா செய்யட்டும்."

"சரிங்க சிஸ்டர்" என்று அவன் வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சமையலறையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பரிசோதனை நாளும் வந்தது.

காலையிலிருந்தே சிஸ்டருக்கு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. அன்றைக்கு அவள் சீருடை போடவில்லை. அம்மாவாகத்தான் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிஸ்டர் நின்றாள். வெளியே நாற்காலி வரிசையில் வேறொரு அம்மா ஒரு பையனை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலியான இடத்துக்கு அடுத்து நிற்பது அந்தக் குழந்தைதான் என்று சிஸ்டருக்குத் தெரியும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

புதிய சிஸ்டர் பரிசோதனைச் சாமான் பெட்டியை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஓடி வந்து, அக்கா, இதில் எதை முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

எது வேண்டுமானாலும் முதலில் வரலாம். குழந்தையின் மனநிலையைப் பார்த்து டாக்டர் மாற்றி மாற்றிக் கேட்பார். அதுதான் முறை. சிஸ்டர் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"கட்டை, அப்புறம் பொம்மை, அப்புறம் அட்டை. அந்த வரிசையில மேஜையில எடுத்து வெச்சுடு. மேடத்துக்கு ஈஸியா இருக்கும்."

உள்ளே குழந்தைக்குச் சின்ன மேஜை. அதற்குப் பின்னால் அம்மாவின் நாற்காலி. கதவுக்குப் பக்கத்தில் அப்பா. இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாக, தன் சொந்தப் பரீட்சைக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சிஸ்டருக்கு ஒன்று உறைத்தது. அந்த இடத்திலிருந்து குழந்தையின் முகமே தெரியாது. பிடரி மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷம் அம்மாக்கள் ஏன் அப்படி எட்டி எட்டிப் பார்த்தார்கள் என்று இப்போது புரிந்தது.

வழக்கமாக டாக்டர் பெற்றவர்களிடம் நிறையக் கேட்பார். வீட்டில் எப்படி, யாரோடு விளையாடுவாள், வேண்டியதை எப்படிக் கேட்பாள் என்று கிளறிக் கிளறிக் கேட்பார். அன்றைக்கு ஒரு புன்னகையோடு அதைத் தாண்டிவிட்டார். உங்களுக்குத் தெரியாததை நான் என்ன கேட்கப் போகிறேன், ஏதாவது இருந்திருந்தால் நீங்களே முதலில் வந்திருப்பீர்கள் என்றார். சிஸ்டர் தலையை ஆட்டினாள்.

கட்டைகள் வந்தன. மகாராணி மளமளவென்று அடுக்கினாள். கடைசிக் கட்டையை வைத்ததும் கையை நீட்டினாள். டாக்டர் அந்தக் கைக்கு ஒரு 'ஹை ஃபைவ்' கொடுத்தார். மூடிக்காக நீட்டிய கை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பொம்மையும் கிண்ணமும் ஸ்பூனும் வந்தன. பொம்மைக்குப் பசிக்கிறது என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் ஸ்பூன் பொம்மையின் வாய்க்குப் போய்விட்டது.

சிஸ்டர் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்று முடியும்போதும் அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே, ஐயோ என்று இருந்தது. எதற்கு அப்பாடா, எதற்கு ஐயோ என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

தற்செயலாகக் கணவனைப் பார்த்தாள். அவன் குழந்தையைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த சிவப்புக் கட்டைகளைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். புதிய சிஸ்டர் கையில் தயாராக இருந்த பட அட்டைகளைப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவன் முகத்தில் வழக்கமாக இருக்கும் கிண்டல் எங்கோ போய்விட்டிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாய் எங்கே என்றதும் விரல் நாயின் மேல் போனது. டாக்டர் அடுத்து பூனையைக் கேட்டார். புதிய சிஸ்டருக்கு ஆர்வம் தாங்கவில்லை, "அப்படித்தான் செல்லம், பூனை, பக்கத்துல பாரு" என்று சொல்லிவிட்டாள். மகாராணி சட்டென்று நிமிர்ந்தாள். யாரையும் பார்க்காமல், தெளிவாக, அம்மாவின் குரலில், அம்மா பிரிவில் பேசுகிற அதே இழுப்போடு சொன்னாள்.

"அப்பா, நீங்க சொல்லித்தரக் கூடாது. குழந்தை தானா செய்யட்டும்."

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ, போயிற்று. இப்போது எல்லாம் தெரிந்துவிடும்.

டாக்டர் கலகலவென்று சிரித்தார். புதிய சிஸ்டரும் சிரித்தாள். அச்சு அசலாக நம் சிஸ்டர் மாதிரியே பேசுகிறாளே என்று டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்து நடித்து விளையாடுகிற குழந்தையைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும், அதுதானே நாம் தேடுகிற நல்ல அறிகுறி என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிற கடைசிக் கட்டத்துக்கு மகாராணி அம்சமாகத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் பேனாவை மூடினார்.

"ரொம்ப நல்லா இருக்கா, சிஸ்டர். பேச்சு வந்துடும். ஒரு வருஷம் கழிச்சு சும்மா ஒரு தடவை பார்ப்போம். அந்த இடத்தை வெளியில இருக்கிற குழந்தைக்குக் குடுத்துடலாமா?"

கேட்டது கிடைத்துவிட்டது. எழுந்து, நன்றி சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து போக வேண்டியதுதான் பாக்கி. டம்ளர் இல்லை, அந்த வார்த்தை இல்லை. சிஸ்டர் எழுந்தும் விட்டாள்.

எழுந்து நின்ற பிறகுதான் குழந்தையின் முகம் தெரிந்தது. மகாராணி கட்டைகளைக் கலைத்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே, மறுபடி முதலிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "சமத்து" என்று தனக்குத்தானே சொன்னாள். கையை நீட்டினாள். ஒன்றும் விழவில்லை. கையை இழுத்துக்கொண்டாள். "பொம்மைக்குப் பசிக்குது" என்றாள். யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அந்த அறையில் இருந்த நான்கு பேரில் ஒருவரும் அவளுக்குத் தேவைப்படவில்லை. அம்மாவின் வார்த்தைகளையெல்லாம் வைத்துக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள்.

சிஸ்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இன்னும் ஒரு வருஷம் இந்தக் குழந்தை இப்படியே உட்கார்ந்திருக்கும், உட்கார வைத்தது நான்தான் என்று பட்டது. நேராகப் போய் மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். புதிய சிஸ்டர் பதறிப்போய், சின்னக் குரலில், அக்கா, அம்மா சொல்லித்தரக் கூடாதே என்றாள்.

"சொல்லித்தரலை. கேட்கப் போறேன்."

ஸ்பூனை எடுத்து மகளின் கையில் கொடுத்தாள். பொம்மையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குப் பசிக்குது. அம்மாவுக்கு ஊட்டு."

அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. சிஸ்டர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். செய்துவிடு கண்ணே என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. செய்துவிட்டால் நான் நினைத்ததெல்லாம் தப்பு, நீ நன்றாக இருக்கிறாய், வீட்டுக்குப் போய்விடலாம். மகாராணி ஸ்பூனைப் பார்த்தாள். பொம்மை இருந்த இடத்தைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் பார்த்தாள். ஸ்பூன் காலியான இடத்தில், பொம்மையின் வாய் இருந்திருக்க வேண்டிய உயரத்தில், ஒரு தடவை போய் நின்றது. அம்மாவின் திறந்த வாய் ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. அங்கே அது வரவில்லை. ஸ்பூன் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். முதலில் முனகல், அப்புறம் அழுகை.

சிஸ்டர் பொம்மையை எடுத்து உடனே அவள் மடியில் வைத்தாள். ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அழுகை மெதுவாக அடங்குகிறவரை தொடாமல், பேசாமல், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நான் சொல்லித்தந்துட்டேன், டாக்டர். எல்லாத்தையும். வரிசை மாறாம." பொம்மையை மடியில் வைத்திருந்த மகளைக் காட்டினாள். "இவளுக்கு அந்த இடம் வேணும்."

பழக்கத்தில் டாக்டரின் கை பக்கவாட்டில் திரும்பியது, தண்ணீர் கொண்டுவருகிற ஆளைத் தேடி. அந்த ஆள்தான் தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரே எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். சிஸ்டர் வாங்கினாள். கை நடுங்கத்தான் செய்தது.

கதவுப் பக்கத்திலிருந்து கணவன் எழுந்து வந்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். கீழே விழுந்த ஸ்பூனை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தான். அப்புறம் இஸ்திரி சட்டை கசங்க அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"எனக்கும் ரொம்ப நாளாவே பயமாத்தான் இருந்தது. நீ ஒண்ணும் சொல்லலையேன்னுதான் தைரியமா இருந்தேன்."

அவளுக்கு அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் வாசனை. அவன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

டாக்டரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவர்களுக்கு எதிரில் வந்து தரையில் அமர்ந்தார். திட்டவில்லை. தன் மேலும் தப்பு இருக்கிறது, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னார். முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்றார்.

"குழந்தைக்கு என்ன பிடிக்கும், சிஸ்டர்?"

அவளுடைய கேள்வி. எத்தனையோ அம்மாக்களைக் கலங்க வைத்த கேள்வி. கட்டை வாங்கிய நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூடத் தன்னையே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"வாஷிங் மெஷின்" என்றாள். "கடைசியில வேகமா சுத்தும்ல, அந்தச் சத்தம். கன்னத்தை வெச்சுக் கேட்டுட்டே நிப்பா. நான்தான் ப்ளக்கைப் பிடுங்கிட்டேன்."

பொம்மையின் இமையைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. மகாராணி திரும்பினாள். யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை, யார் கையிலும் மூடி இல்லை. அவள் கண் அம்மாவின் கண்ணுக்கு வரவில்லை. வாஷிங் மெஷின் என்ற வார்த்தை புறப்பட்ட அம்மாவின் வாயில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தாள்.

"கதவு மூடுகிறது" என்றாள், லிஃப்டின் குரலில்.

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். "என்ன சொல்றா?"

"வீட்டுக்குப் போகணும்கிறா, டாக்டர். மெஷின் பார்க்கணுமாம்."

டாக்டர் மூடியிருந்த பேனாவைத் திறந்து, அன்றைக்கு முதல் தடவையாக, நிதானமாக எழுத ஆரம்பித்தார்.